ஹெட் கேஸ்கெட் மாத்தியாச்சு, முள் நடுவுலதான் நிக்குது. அப்புறம் எதுக்கு இன்னொரு மீட்டர்?

மார்ச் 4, வந்த கேள்வி

பழைய டீசல் வேன். கேஸ்கெட் போய், ஹெட்டை லேத்தில் கொடுத்து லெவல் எடுத்து, புது கேஸ்கெட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் போட்டாச்சு. 800 கிலோமீட்டர் ஓடிருச்சு. டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள் அசையாம நடுவுல நிக்குது. இதுக்கு மேல தனியா டெம்பரேச்சர் மீட்டர் வைக்கச் சொல்றவங்க சும்மா பயம் காட்டுறாங்கன்னுதான் தோணுது. மறுப்பு இருந்தா சொல்லுங்க அண்ணே.

மார்ச் 4, இரவு

மறுப்பு இருக்கிறது தம்பி. அந்த நடு முள்ளை நம்பித்தான் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் ஒன்றை நான் காவு கொடுத்தேன்.

என்னுடையதும் பழசுதான். 2.5 லிட்டர், டர்போ கிடையாது, மெக்கானிக்கல் டீசல் பம்ப், இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். ஹெட் வேலை முடிந்த இரண்டாவது வாரம், நீளமான மேடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தேன். இன்ஜினுக்கு உதவட்டும் என்று ஹீட்டரையும் திறந்து வைத்திருந்தேன். முள் நடுவில். பாதி மேட்டில் அது மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. "பரவாயில்லையே, புது பம்ப் நல்லா வேலை செய்யுது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். ஹீட்டரில் ஜில்லென்று காற்று வருகிறதே என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து பெயின்ட் கருகும் வாசனை வந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காமல் போன பிறகுதான் ஓரம் கட்டினேன்.

இன்ஜினுக்குப் பின்னால் போகும் ஹீட்டர் ஹோஸின் கிளாம்ப் அரைகுறையாக முறுக்கப்பட்டிருந்தது. தண்ணீர் முழுக்க வழியிலேயே போய்விட்டது. முள்ளுக்குச் சேதி அனுப்பும் சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் இறங்கிவிட்டால் அது காற்றில் தொங்கும். காற்று தண்ணீரைப் போலச் சூட்டைக் கடத்தாது, அதனால் முள் இறங்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் முள் "எல்லாம் குளிர்ந்துவிட்டது" என்று காட்டும்.

கிளாம்பை முறுக்க மறந்தது யார் என்று கேட்காதீர்கள். ஸ்பானர் என் கையில்தான் இருந்தது.

மார்ச் 5

மனைவி படித்துவிட்டு ஒரு திருத்தம் சொல்கிறாள். ஹீட்டர் ஜில்லென்று ஆனதை ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாளாம்.

மார்ச் 6

"முள் நடுவில் நின்றால் 85 டிகிரிதானே" என்று இன்னொருவர். அப்படி இல்லை. என் முள்ளை நானே சோதித்துப் பார்த்தேன். சென்சாரைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் அதன் முனை மட்டும் முங்கும்படி தொங்கவிட்டு, கூடவே ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரையும் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்தேன். மல்டிமீட்டரில் 60 டிகிரிக்கு 134 ஓம், கொதிக்கும்போது 38 ஓம். சூடு ஏற ஏற ஓம் இறங்குகிறது, அந்த வகைச் சென்சார் அப்படித்தான். அதாவது சென்சார் ஒழுங்காக இருக்கிறது.

பிறகு சென்சார் வயரில் ஒரு வேரியபிள் ரெசிஸ்டரை மாட்டி, ஓம் அளவைக் கையால் திருப்பிக்கொண்டே முள்ளைப் பார்த்தேன். 70 டிகிரிக்குரிய ஓமில் முள் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. 100 டிகிரிக்குரிய ஓம் வரும்வரை எழுந்திருக்கவே இல்லை. அதற்கு மேல் போனதும் ஒரே தாவல், சிவப்பு. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று மீட்டர் செய்தவர்களே அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது. உங்களுடையது எப்படி என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

பார்க்கும்போதே எர்த்தையும் கவனியுங்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான். ஹெட் வேலையின்போது கசியக் கூடாதே என்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டால் எர்த் பலவீனமாகும், முள் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஹெட்லைட் போட்டதும் முள் கொஞ்சம் ஏறினால் அது சூடு இல்லை, டேஷ்போர்டு எர்த். டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஜோடியாக ஏறினால், பழைய வண்டிகளில் மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

மார்ச் 9

சொல்லிக்கொண்டிருப்பானேன் என்று டிஜிட்டல் சென்சார் ஒன்றை வைத்துவிட்டேன். டிஎஸ்18பி20, மூன்று கால் உள்ள சின்னது. மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். ஸ்டீல் குழாயில் போட்டு வரும் வகை எனக்குப் பிடிக்கவில்லை. உருண்டைக் குழாயை ஹெட்டின் மேல் எப்படி வைத்தாலும் ஒரு கோட்டில்தான் ஒட்டும். வெறும் சென்சாரை ஒரு வட்ட லக்குக்குள் (வயர் முனைக்குப் போடும் வளையம்) எபாக்ஸி வைத்து ஒட்டி, தெர்மோஸ்டாட் ஹவுசிங் போல்ட்டுக்கு அடியில் கொடுத்து முறுக்கினேன். வயர் சிலிகான் உறை போட்டது. சாதாரண பிவிசி வயர் அங்கே இளகிவிடும்.

இன்று முழுக்க ஓட்டினேன். சமதளத்தில் 85.0. மேட்டில் 85.0. சிக்னலில் நிற்கும்போதும் 85.0. தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருக்கிறது, அதற்கு மேல் மூன்று டிகிரி. இவ்வளவு சீரான இன்ஜினை நான் பார்த்ததில்லை.

மார்ச் 11, காலை

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்யவில்லை. ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டி, பானெட்டில் பனி. மீட்டரில் 85.0.

மார்ச் 11, மதியம்

சிரித்து முடித்துவிட்டீர்களா? அந்தச் சென்சாருக்குக் கரன்ட் வந்ததும், முதல் அளவு எடுக்கும்வரை, அதன் நினைவில் இருக்கும் எண்ணே 85தான். என் பவர் வயரில் ஜாயின்ட் லூஸ். ஒவ்வொரு தடவையும் அளக்கப் போகும்போது வோல்டேஜ் விழுந்து, சென்சார் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நாள் நான் ரசித்துப் பார்த்தது அந்தப் பிறவி எண்ணைத்தான்.

உலகத்தில் எத்தனையோ எண் இருக்க, ஒரு டீசல் இன்ஜின் ஓட வேண்டிய அதே எண்ணில் வந்து மாட்டினேன். சிப்பை வடிவமைத்தவருக்கு என்மேல் என்ன பகையோ.

ஜாயின்ட்டைச் சூடுவைத்து ஈயம் பூசினேன். உடனே 9.4. இதோடு சேர்ந்த இன்னொன்று: வயர் முழுக்க அறுந்தால் சில மீட்டர்கள் மைனஸ் 127 காட்டும். அது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். 85தான் ஆளைக் கவிழ்க்கும்.

மார்ச் 15

இப்போது நிஜ எண்கள். காலையில் ஸ்டார்ட் செய்து, ஓட்டாமல் நின்ற இடத்திலேயே ஐடிலில் விட்டால் இருபது நிமிடம் ஆனாலும் 60 தாண்டவில்லை. டீசல் இன்ஜின் ஐடிலில் தேவைக்கு மேல் காற்றை இழுத்து, கொஞ்சம்போல டீசலை எரிக்கிறது. சூடு எங்கிருந்து வரும்? "ஐடிலில் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், சூடாகவில்லை, வேலை சுத்தம்" என்று சொல்லி வண்டியைத் தருவதில் அர்த்தமே இல்லை. டீசலுக்குப் பரீட்சை மேட்டில்தான், அதுவும் லோடோடு, நான்காவது கியரில் இழுக்கும்போது.

சமதளத்தில் 83, 84. பத்து நிமிட மேட்டில் 91. உச்சியைத் தாண்டிய ஒரு நிமிடத்தில் 86. எனக்கு முக்கியம் அந்த 91 இல்லை. ஏறியது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான். இறங்க மறுத்தால் கூடுதல் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டரிடம் தெம்பு மிச்சமில்லை என்று அர்த்தம்.

எண்களை ஒரு நோட்டில் எழுதுகிறேன்: வெளிச்சூடு, ரோடு, லோடு, அதிகபட்சம், காலையில் தண்ணீர் மட்டம். அசிங்கமான கையெழுத்து, கிரீஸ் கறை. ஆனால் ரிப்பேருக்குப் பிறகு முதல் மாதம் வண்டியைவிட அந்த நோட்டுதான் எனக்குத் தைரியம் தருகிறது.

மார்ச் 16

நேற்று எழுத விட்டது. ஹெட் வேலைக்குப் பிறகு மேட்டில் மட்டும் சூடு ஏறி, கறுப்புப் புகையும் வந்து, இழுவையும் குறைந்தால் தண்ணீர்ப் பக்கமே தேடிக்கொண்டிருக்காதீர்கள். டீசல் பம்ப் டைமிங் பிந்தியிருக்கலாம். எரிவது தாமதமானால் சூடு வேலையாக மாறாமல் சைலன்சர் வழியும் ஹெட் வழியும் போகும்.

மார்ச் 22

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதாதா என்று கேள்வி. போதும், ஓட்டும்போது உங்கள் கைகள் சும்மா இருந்தால். ஆனால் வேறொரு வேலைக்கு அது பிரமாதம்.

பளபளக்கும் அலுமினிய ஹெட்டை நேராகச் சுட்டால் பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக விடுவது மிகக் குறைவு. அக்கம்பக்கத்துச் சூட்டைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். என் ஹவுசிங்கில் 85 இருக்கும்போது துப்பாக்கி 47 காட்டியது. அதே இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சுட்டேன், 84. ரப்பர் ஹோஸ் தானே கறுப்பு, அதற்கு டேப் தேவையில்லை.

ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது அதன் முகத்தை வரிவரியாகச் சுட்டுக்கொண்டே போங்கள். சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று ஒரு ஜில் திட்டு வந்தால் அங்கே குழாய் அடைபட்டிருக்கிறது. என்னுடையதில் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இருந்தது. உடைந்த ஹெட்டிலிருந்து வந்த துருவும் சேறும் அங்கே போய்த்தான் படுத்திருக்கின்றன. ஹெட் மாற்றும்போது ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவாதது என் தப்பு. கழுவிய பிறகு அந்த 91 இப்போது 88.

ஏப்ரல் 2

தூக்கம் போன நாள். காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, யாரோ உறிஞ்சிய மாதிரி. கேஸ்கெட் மறுபடி போயிற்று என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரை டம்ளர் டீ குடித்த பிறகு மூளை வேலை செய்தது. கேஸ்கெட் போனால் எரியும் அறையிலிருந்து வாயு தண்ணீருக்குள் வரும். ஹோஸ் உப்பும், சப்பையாகாது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே, ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அதுதான் கவலைப்பட வேண்டிய குறி. ராத்திரி ஆறிய பிறகும் காலையில் மூடியைத் திறந்தால் புஸ் என்று வருவதும் அப்படித்தான்.

என்னுடையது மூடி. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு உண்டு. பெரியது அழுத்தம் கூடினால் வெளியே விடும். நடுவில் இருக்கும் சின்னது, தண்ணீர் ஆறிச் சுருங்கும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்தச் சின்னது துருவில் ஒட்டிக்கொண்டது. உள்ளே வெற்றிடம், ஹோஸ் சப்பை. புது மூடி, வேலை முடிந்தது.

மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. மூடி தளர்ந்தால் அந்த உபரி எல்லாம் போச்சு. மலை உயரத்தில் இன்னும் மோசம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். மீட்டரில் 102 பார்த்தால் பதற வேண்டுமா என்று கேட்டவருக்கு: மூடி நல்லதா என்று முதலில் சொல்லுங்கள்.

ஏப்ரல் 3

நீல நிறத் திரவத்தை வைத்து டேங்கில் எரிந்த வாயு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிலர் சொன்னார்கள். நல்ல சோதனைதான். ஆனால் டீசலில் ஐடிலில் வைத்துப் பார்த்துவிட்டு "நிறம் மாறலை" என்று விட்டுவிடாதீர்கள். அது கார்பன் டை ஆக்சைடைத்தான் தேடுகிறது. ஐடிலில் டீசல் புகையில் அது சொற்பம். மேடு ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தி உடனே பாருங்கள். மூடியைத் துணி போட்டு, அழுத்தம் இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். அந்த அவசரத்தில் முகத்தை வேகவைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 9

"தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசுங்க, வண்டி ஐஸ் மாதிரி ஓடும்." இந்த யோசனை எப்போது வரும் என்று காத்திருந்தேன். நானும் ஒரு காலத்தில் வீசியவன்தான்.

பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த் தட்டு பைபாஸ் வழியை மூடும். கழற்றி வீசினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். காலையில் ஜில்லென்று ஓடும் வண்டி, மத்தியான மேட்டில் கொதிக்கும். எனக்கு அதுதான் நடந்தது, அதற்கும் மூடியைத்தான் திட்டினேன்.

ஏப்ரல் 14

ஒரு பின்வாங்கல். சூடு ஏறினால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள் என்று ஒருவருக்கு அன்று பதில் சொல்லியிருந்தேன். பாதிதான் சரி. தண்ணீர் இருக்கிறது, மேட்டினால் மட்டும் சூடு ஏறுகிறது என்றால் கியர் இறக்கி, லோடைக் குறைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரம் கட்டியும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பட்டென்று நிறுத்தினால் பம்ப் நின்றுவிடும், ஹெட்டில் தேங்கிய சூட்டை எடுத்துப் போக ஆளில்லை. ஆஃப் செய்த இரண்டாவது நிமிடத்தில் என் மீட்டர் 88-லிருந்து 95 வரை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லை என்றால் மட்டும் அந்த வினாடியே ஆஃப்.

தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சீட்டில் உட்கார்ந்தபடி எப்படித் தெரியும்? ஹீட்டர். சூடாக வந்தால் இருக்கிறது. மனைவி பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள்.

ஏப்ரல் 20

இதற்குத்தான் இவ்வளவு நாள் சுற்றி வந்தேன் போல. அலாரத்தை முதலில் 95-க்கு வைத்தேன். மத்தியான வெயிலில் மேடு ஏறும்போதெல்லாம் கத்தியது. மூன்றாம் நாள் கத்தியும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காத அலாரம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். 103-க்கு உயர்த்தினேன். அப்படியானால் தண்ணீர் போவதைத் தாமதமாகத்தான் சொல்லும்.

இப்போது இரண்டு சென்சார். ஒன்று தண்ணீரில், மேல் ஹோஸை வெட்டி நடுவில் மாட்டும் அலுமினிய அடாப்டரில். இன்னொன்று ஹெட்டின் பின்கோடியில், இரும்போடு இரும்பாக, நான்காவது சிலிண்டர் பக்கம். வழக்கமாக இரும்பு தண்ணீரைவிட ஐந்தாறு டிகிரி அதிகம். இந்த வித்தியாசத்துக்கு அலாரம் வைத்தேன்: 12 தாண்டினால் கத்து. தண்ணீர் குறைந்தால் ஒன்று இறங்கும், மற்றது ஏறும், இடைவெளி பிளக்கும். அன்று மேட்டில் எனக்குத் தேவைப்பட்டது இதுதான். முள் இறங்கியபோது ஹெட் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 28

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். என் புலம்பலைப் படித்து, வாய்விட்டுச் சிரித்து, கடைசியில் ஒரு சென்சார் வாங்கி மாட்டிவிட்டாராம். முள் வழக்கம்போல நடுவில். மீட்டர் சமதளத்தில் 71. மேட்டில் 79. "அண்ணே, சூடே ஆகலை, நான் சொன்னது சரிதானே?"

இல்லை தம்பி. உங்கள் முள்ளும் என் முள் மாதிரிதான், 70-லேயே நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. 71 என்றால் இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரவே இல்லை. காலையில் ரொம்ப நேரம் வெள்ளைப் புகை வருகிறதா, டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மே 3

பழைய கேஸ்கெட் சுரண்டல், நகக்கண் அளவு. தட்டு மூட முடியாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தட்டிவிட்டு, பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, திறந்து மூடுகிறதா என்று பார்த்து, திரும்ப மாட்டி, ஏர் எடுத்து ஓட்டினாராம். 84.

என் வேனில் இன்று காலை 85.0. எழுந்து போய் வயரை ஆட்டினேன். 84.6.